மாணவர் நலம் காப்போர்க்குப் பயிற்சி எங்கே?

கல்வியாண்டின் தொடக்கத்தில் நம் கல்லூரிகளில் வெளிவரும் சுற்றறிக்கைகளுள் ஒன்று பெரும்பாலும் எவர் கவனத்தையும் ஈர்ப்பதில்லை. இவ்வாண்டு முதல் இன்ன துறைப் பேராசிரியர் மாணவர் நலப் புலமுதல்வராகப் பொறுப்பேற்பார் என்பதே அது. முன்னாள் மாலை வரை வேதியியலோ வணிகவியலோ வரலாறோ கற்பித்து வந்தவர், மறுநாட் காலை முதல் ஆயிரம், ஈராயிரம் இளைஞர்களின் இன்ப துன்பங்களுக்குப் பொறுப்பாளர் ஆகிவிடுகிறார். அறைக்கதவில் பெயர்ப்பலகை மாட்டப்படுகிறது. மேசைமீது முன்னவர் விட்டுச்சென்ற கோப்புகள் காத்திருக்கின்றன. ஆனால், அப்பணியை எவ்வாறு செய்தல் வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தரும் ஏற்பாடு பெரும்பாலான கல்லூரிகளில் இல்லை.

இப்பொறுப்பாளரைச் சில கல்லூரிகளில் மாணவர் நல அலுவலர் என்பர். சிலவற்றில் துணைமுதல்வரே இதனையும் சேர்த்துச் சுமப்பார். மாணவர் நாவில் அவர் ‘டீன்’ மட்டுமே. பெயர் யாதாயினும் பணி ஒன்றுதான். வகுப்பறைக்கு வெளியே உள்ள மாணவர் வாழ்வு முழுவதும் அவர் பொறுப்பு. விடுதி, உணவு, பேருந்து, உதவித்தொகை, ஒழுங்கு நடவடிக்கை, மன்றங்கள், முறையீடுகள், மனநலம் என அது விரிந்துகொண்டே செல்லும். இத்துணை விரிந்த பணியைப் பணிமூப்புக்குக் கிடைக்கும் மரியாதையாகவோ, கண்டிப்பானவர் என்னும் பெயருக்குக் கிடைக்கும் பட்டமாகவோ கருதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அது கற்றுத் தேர வேண்டிய ஒரு தனித்தொழில் என்பதும், பொறுப்பேற்குமுன் அதற்கெனப் பயிற்சி தரப்படுதல் வேண்டும் என்பதும் எம் கருத்து. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து அக்கருத்தை இங்கு விளக்க முற்படுகிறோம்.

எவர் வீட்டுப் பிள்ளைகள்?

ஒன்றாய் இருந்த திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஒருபுறம் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி நிலம்; மறுபுறம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் முந்திரித் தோப்புகளும் நிறைந்த நிலம். முன்னர் உயர்கல்விக்குத் திருச்சியையே நோக்கியிருந்த இப்பகுதியில் இன்று கலை அறிவியல் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் பெருகியுள்ளன. 2022ஆம் ஆண்டு சனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது.

இக்கல்லூரிகளின் வாயிலில் நுழைவோர் எத்தகையோர்? 2021–22ஆம் ஆண்டுக்கான அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் நூற்றுக்கு 47 ஆகும். இந்திய அளவில் அது 28.4. இப்பெருக்கத்தின் பொருள் யாதெனின், எந்த வீட்டிலிருந்து இதற்குமுன் எவரும் கல்லூரி வாயிலை மிதித்ததில்லையோ, அந்த வீட்டுப் பிள்ளை இன்று மிதிக்கிறது என்பதே. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு 2010இல் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பெற்றன. வாயில் அகலத் திறந்தது, அது வரவேற்கத்தக்கதே. உள்ளே வந்த பிள்ளையைக் கடைசி ஆண்டு வரை நிலைநிறுத்துவார் யார் என்பதே இப்போது எழும் வினா.

பெரம்பலூர் நகருக்கு இன்றும் தொடர்வண்டி நிலையம் இல்லை. சிற்றூர்களிலிருந்து வரும் மாணவ மாணவியர் பெரும்பாலும் பேருந்தையே நம்பியுள்ளனர். மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் வீடு செல்ல வழியில்லாத மாணவி, நான்கு மணிக்குமேல் நடக்கும் எந்த மன்றக் கூட்டத்துக்கும் வரமாட்டாள். அவளை ஆர்வமற்றவள் எனக் குறித்துவைப்பது எளிது; கூட்டத்தின் நேரத்தை மாற்றுவதற்கோ சிந்தனை வேண்டும். வெங்காய நடவிலும் மக்காச்சோள அறுவடையிலும் வீட்டாருக்குக் கைகொடுக்க நின்றுவிடும் மாணவனுக்கு வருகைப் பதிவு நூற்றுக்கு 75ஐ எட்டாது போகலாம். லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் தந்தை வளைகுடா நாட்டில் உழைக்க, தாய் மட்டுமே வீட்டில் இருக்கும் குடும்பங்கள் பல. “நாளை அப்பாவை அழைத்து வா” என்னும் வழக்கமான ஆணைக்கு அப்பிள்ளை என்ன செய்யும்? இவற்றை எல்லாம் அறிந்து நடக்கும் பொறுப்பாளர் ஒரு பிள்ளையின் படிப்பைக் காக்கிறார். அறியாதவர் கடுமொழி ஏதும் கூறாமலே அதனை இழக்கச் செய்துவிடக் கூடும். இடையில் நின்றுவிடும் மாணவர் எவரும் முறையீடு எழுதி வைத்துவிட்டுப் போவதில்லை. ஒரு நாள் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே கோடு விழுகிறது, அவ்வளவே.

ஒருவருக்குப் பயிற்சி, மற்றவருக்கு இல்லை

நம் கல்லூரிகளில் பிற பொறுப்புகளுக்கு நடைமுறை எவ்வாறு உள்ளது என ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். 1969இல் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஓர் அலகுக்கு 100 தொண்டர்கள். அவர்களை வழிநடத்தும் திட்ட அலுவலர்க்கு அறிமுகப் பயிற்சி உண்டு. தேசிய மாணவர் படைக்குப் பொறுப்பேற்கும் பேராசிரியர் காம்ப்டி, குவாலியர் ஆகிய இடங்களில் உள்ள பயிற்சிக் கழகங்களில் பல வாரங்கள் தங்கிப் பயின்ற பின்னரே அதிகாரியாகத் திரும்புகிறார். வகுப்பெடுக்கும் புதிய ஆசிரியர்க்கும் பயிற்சி உண்டு. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987இல் கல்விப் பணியாளர் கல்லூரிகள் நிறுவப்பெற்றன. அவற்றுள் ஒன்று பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. அம்மையங்கள் 2023இல் மாளவியா ஆசிரியர் பயிற்சி மையங்கள் எனப் புதுப்பெயர் பெற்றன.

நூறு தொண்டர்களை முகாமுக்கு அழைத்துச் செல்பவர்க்குப் பயிற்சி இன்றியமையாதது என ஏற்றோம். அணிவகுப்பு நடத்துபவர்க்கும் அவ்வாறே ஏற்றோம். கல்லூரி மாணவர் அனைவரின் நலத்துக்கும் பொறுப்பானவர்க்கு மட்டும் அது வேண்டியதில்லை என்று எவ்வாறு முடிவு செய்தோம்? எவரும் அமர்ந்து முடிவு செய்யவில்லை. வழக்கமே முடிவாகிவிட்டது என்பதே உண்மை.

தமிழ் பயில்வோர்க்கு ஒன்றை நினைவூட்டலாம். வள்ளுவர் ஆளைத் தேர்ந்தெடுப்பதற்குத் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமும், தேர்ந்தவரைப் பணியில் ஈடுபடுத்துவதற்குத் தெரிந்து வினையாடல் என அடுத்த அதிகாரமும் வகுத்தார். நாமோ முதல் அதிகாரத்தோடு நூலை மூடிவிடுகிறோம். நல்லவரைத் தேர்ந்தெடுத்தோம், இனி அவர் பாடு என்று ஒதுங்கிவிடுகிறோம்.

அறுபது ஆண்டு பழைய பரிந்துரை

இது மேனாட்டுக் கருத்து, நம் மண்ணுக்கு ஒவ்வாது என்பார் உளர். மேனாட்டில் இத்துறை வளர்ந்துள்ளது மெய்யே. அமெரிக்காவில் மாணவர் புலமுதல்வர்கள் 1919ஆம் ஆண்டிலேயே மாடிசன் நகரில் கூடித் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். மாணவனை அறிவு கொள்ளும் கலமாக மட்டும் நோக்காது உடலும் உள்ளமும் குடும்பமும் உடைய முழு மனிதனாக நோக்குதல் வேண்டும் என்னும் கொள்கையறிக்கை அங்கு 1937இல் வெளிவந்தது. அச்சங்கம் இன்று மாணவர் நலத் துறையின் தலைமைப் பொறுப்பைப் புதிதாக ஏற்போர்க்கெனத் தனிப் பயிலரங்கமே நடத்துகிறது. பல்லாண்டு அனுபவம் உடையவரும் தலைமை நாற்காலியில் அமரும்போது புதியவரே என்பதை அவர்கள் உணர்ந்துள்ளனர்.

ஆயினும், இதற்கு நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, மாணவர் நலப் பணிகளை நிருவகிக்க முழுநேரப் புலமுதல்வர் ஒருவர் வேண்டும் எனவும், 1,000 மாணவர்க்கு ஓர் ஆலோசகராவது வேண்டும் எனவும் பரிந்துரைத்தது. முழுநேரம் என்னும் சொல்லை ஊன்றி நோக்குதல் வேண்டும். வாரம் முழுதும் பாடவேளைகளை எடுத்துவிட்டு, இடைவேளையில் மாணவர் நலம் காப்பவரை அக்குழு எண்ணவில்லை. அறுபது ஆண்டு கடந்தும் நம் பகுதிக் கல்லூரிகள் பலவற்றில் அப்பரிந்துரை ஏட்டளவிலேயே நிற்கிறது.

அண்மையில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தும் நிலை எழுந்தது. உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் கொடுமையை ஆராய 2025 மார்ச்சில் ஓய்வுபெற்ற நீதிபதி இரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அது அமைத்தது. அதே ஆண்டு சூலையில் வழங்கிய மற்றொரு தீர்ப்பில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும் எனவும், பணியாளர் அனைவர்க்கும் ஆண்டுக்கு இருமுறை மனநலப் பயிற்சி தரப்படுதல் வேண்டும் எனவும் நெறிமுறை வகுத்தது. பணியாளர் அனைவர்க்கும் பயிற்சி என்றால், அவர்களை வழிநடத்தும் பொறுப்பாளர்க்கு அதனினும் ஆழ்ந்த பயிற்சி வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கற்க வேண்டியவை

பயிற்சி என்றவுடன் குளிரூட்டிய அரங்கும் பொன்னாடையும் வாழ்த்துரையும் நினைவுக்கு வருவது இயல்பு. நாம் வேண்டுவது அதனை அன்று. புதிய பொறுப்பாளர் நான்கு செய்திகளையேனும் கற்றல் வேண்டும்.

முதலாவது, சட்டம். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் பகடிவதைக்கு ஆளாகிக் கொலையுண்ட கொடுமை தமிழகத்தையே உலுக்கியது. அதன் விளைவாக 1997இல் பகடிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. ‘ராகிங்’ செய்வோர்க்கு ஈராண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை தண்டமும் அது விதிக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, தண்டனைக்குரிய குற்றம் நிகழ்ந்ததாகத் தெரியின் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் முதல் தகவல் அறிக்கை பதிவாக வழிசெய்தல் வேண்டும். “இரு தரப்பையும் அழைத்துக் கைகுலுக்க வைத்தேன்” என்று பெருமை கொள்பவர் இவ்விதியை அறியாதவர். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டம் 2013இல் வந்தது. கல்லூரிகளுக்கான தனி விதிமுறை 2015இல் வந்தது. அத்தகைய முறையீடு புலமுதல்வர் அறையில் பேசி முடிக்கத்தக்கதன்று. உள்ளகப் புகார்க் குழுவுக்குச் செல்லுதல் வேண்டும். விசாரணை 90 நாட்களில் முடிதல் வேண்டும். முறையிட்டவர் பெயர் வெளிப்படாது காக்கப்படுதல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவரும் மாணவி பதினேழு வயதினளாகவும் இருக்கலாம். அந்நிலையில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்காது விடுவதே தண்டனைக்குரியது. நல்லெண்ணம் ஒன்றை மட்டுமே துணையாகக் கொண்டு பொறுப்பேற்பவர்க்கு இவை எவ்வாறு தெரியும்?

இரண்டாவது, செவிமடுக்கும் பயிற்சி. ஆசிரியர் பேசிப் பழகியவர். ஒருமணி நேரம் தொடர்ந்து பேசுவதே அவர் தொழில். புலமுதல்வர் பணியோ கேட்கும் பணி. மாணவர் ஒருவர் பாதி சொல்லி நிறுத்தும்போது மீதியை நாமே சொல்லி அறிவுரையும் வழங்கிவிடும் பழக்கத்தை விட்டொழித்தல் எளிதன்று. வினவும் முறை, அமைதி காக்கும் முறை, குறிப்பெடுக்கும் முறை ஆகியவை பயின்றால் வருவன.

மூன்றாவது, தம் எல்லையை அறிதல். புலமுதல்வர் மருத்துவர் அல்லர்; காவலரும் அல்லர். உள்ளம் தளர்ந்த மாணவரை மனநல மருத்துவரிடம் எப்போது அழைத்துச் செல்வது, இரவில் அழைப்பு வந்தால் செய்வது என்ன, வீட்டாரிடம் எவ்வாறு சொல்வது என்பவற்றை அவர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். 2022இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416 ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாக அன்றி, கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகக் கொள்ள வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் நெறி. அம்மாணவரைக் கல்லூரியிலிருந்து நீக்கிப் பெயரைக் காத்துக்கொள்ள எண்ணுவோர் அந்நெறியின் உட்கருத்துக்கு மாறாக நடப்பவராவர்.

நான்காவது, தம் மாவட்டத்தை அறிதல். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு, எந்த ஊரில் எப்போது நடவு, எந்த உதவித்தொகைக்கு எந்தச் சான்று, அச்சான்றை எந்த அலுவலகத்தில் பெறுவது என்பன சிறு செய்திகளாகத் தோன்றலாம். வங்கிக் கணக்கில் ஆதார் எண் இணையாததால் உதவித்தொகை வராது தவிக்கும் மாணவிக்கு அச்செய்தியே பெருஞ்செய்தி.

மறுப்புரைகள் இரண்டு

“அனுபவமே ஆசான், நாங்கள் எல்லாம் பயிற்சி பெற்றா வந்தோம்?” என்று வினவும் மூத்தோர் உளர். அவர்தம் உழைப்பை நாம் மதிக்கிறோம். பயிற்சியின்றியே பல குடும்பங்களுக்கு விளக்கேற்றிய விடுதிக் காப்பாளர்கள் நம்மிடையே இருந்தனர்; இருக்கின்றனர். ஆயின், அனுபவம் என்னும் ஆசான் பாடம் நடத்துமுன் தேர்வு வைப்பவர். அத்தேர்வில் புதியவர் தவறினால், அதன் விளைவைச் சுமப்பவர் அவரல்லர். ஒரு மாணவரே சுமக்கிறார். மூத்தோரின் அனுபவம் வீணாகாதிருக்க வேண்டும் எனில், அதனை அடுத்தவர்க்குக் கைமாற்றும் ஏற்பாடு வேண்டும். அவ்வேற்பாட்டுக்கே பயிற்சி என்று பெயர்.

“சிறு கல்லூரி, சிறு வருவாய், இதற்கெல்லாம் பணம் ஏது?” என்பது இரண்டாவது மறுப்பு. இது புறந்தள்ளத்தக்கதன்று. அரசு உதவியின்றி நடக்கும் கல்லூரிகளின் இடர்ப்பாட்டை நாம் அறிவோம். ஆதலின், செலவு மிகாத ஒரு வழியையே முன்வைக்கிறோம்.

செய்யத்தக்கது

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே உள்ள தொலைவு சற்றேறக்குறைய 30 கிலோமீட்டர். இவ்விரு மாவட்டங்களின் கலை, அறிவியல், பொறியியல், கல்வியியல் கல்லூரிகள் ஆண்டுதோறும் மே மாத இறுதியில் ஒரு கல்லூரியில் கூடி, அவ்வாண்டில் புதிதாகப் பொறுப்பேற்போர்க்கு ஐந்து நாள் பயிற்சி நடத்தலாம். இடம் தருவதை ஆண்டுக்கு ஒரு கல்லூரி ஏற்கலாம். சட்டம் சொல்ல மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும், மனநலம் சொல்ல அரசு மருத்துவமனை மருத்துவரையும், உதவித்தொகை நடைமுறை சொல்ல நலத்துறை அலுவலர்களையும் அழைக்கலாம். பெருங்கட்டணம் கேட்போர் இவர்களுள் எவரும் இலர்.

ஐந்து நாளோடு அது முடிந்துவிடலாகாது. ஒவ்வொரு புதியவர்க்கும் வேறு கல்லூரியைச் சேர்ந்த அனுபவமிக்க ஒருவர், ஓய்வு பெற்றவராயினும் சரி, ஓராண்டுக்கு வழிகாட்டியாய் அமைதல் வேண்டும். தம் கல்லூரி முதல்வரிடம் கேட்கத் தயங்கும் ஐயத்தை அயற்கல்லூரி மூத்தவரிடம் தயங்காது கேட்கலாம். மாதம் ஒருமுறை அனைவரும் கூடி, பெயர் குறியாது, அம்மாதத்துச் சிக்கல்களை ஆராயலாம். பொறுப்பிலிருந்து நீங்குபவர் வெறும் கோப்புகளோடு, நடைமுறைக் குறிப்பேடு ஒன்றையும் எழுதி அடுத்தவர் கையில் தருதல் கட்டாயமாதல் வேண்டும். பாரதிதாசன் பல்கலைக்கழகம் இப்பயிற்சியை ஏற்பளித்துச் சான்று வழங்குமாயின், பதவி உயர்வுக் கணக்கிலும் அதற்கு இடம் கிடைக்கும்.

நிருவாகத்தினர்க்கும் ஒரு சொல். புலமுதல்வரின் பாடவேளைகளைப் பாதியாகக் குறைத்துத் தாருங்கள். தனித்துப் பேச ஓர் அறையும், உதவிக்கு ஒரு பெண் பணியாளரையும் தாருங்கள். மாணவர் துயரை நாள்தோறும் கேட்பவரும் மனிதரே. அவர் தம் மனச்சுமையை இறக்கி வைக்கவும் ஓர் இடம் வேண்டும். இவையின்றித் தரப்படும் பயிற்சி விதைநெல்லைப் பாறையில் விதைத்ததாகும்.

பொறுப்பு என்னும் சொல்லை அரியலூர் என்னும் பெயரோடு நாடு ஒருமுறை சேர்த்து உச்சரித்தது. 1956 நவம்பர் 23ஆம் நாள், பெருவெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் சிதைந்து தொடர்வண்டி கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாத்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அப்பெருந்தன்மையை இன்றும் போற்றுகிறோம், போற்றுதல் தகும். எனினும், பாலத்தைக் காப்பது வெள்ளத்துக்குப் பின் வரும் பதவி விலகல் அன்று. வெள்ளத்துக்கு முன் தூண்களைச் சோதித்தறியும் பயிற்சி பெற்ற கண்ணே அதனைக் காப்பது. அத்தகைய கண்களை உருவாக்கும் பணியை அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன்னரே நம் இரு மாவட்டக் கல்லூரிகளும் கைகோத்துத் தொடங்குதல் வேண்டும் என முதல்வர்களையும் நிருவாகத்தினரையும் அன்புடன் வேண்டுகிறோம்.